யார் போட்ட வரிசை?

வீட்டு டிவியில் எந்தச் சேனல் எந்த எண்ணில் வர வேண்டும் என்று உட்கார்ந்து அடுக்குகிறவரைப் பார்த்துச் சிரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சிரிப்பவர்கள் சொல்லும் காரணம் கேட்க நன்றாகவே இருக்கிறது. கேபிள் காலம் முடிந்தது, எல்லாம் ஆப்பில் வருகிறது. வேண்டியதைத் தேடினால் கிடைக்கும். தேடச் சோம்பலாக இருந்தால் வாயால் சொன்னால் போதும். அதற்கும் சோம்பலென்றால் நம் ரசனையைப் படித்து வைத்திருக்கும் திரையே எடுத்து நீட்டும். இந்தக் காலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வரிசை கட்டுவது ஓய்வுபெற்றவரின் பொழுதுபோக்கு, இல்லாவிட்டால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை வாங்கிவிட்ட பையனின் விளையாட்டு. பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கம், டிவி விற்கும் கடைக்காரர், பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் மருமகன் என்று எல்லோரும் இதில் ஒரே கட்சி.

எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. பெங்களூரிலோ சென்னையிலோ இதைச் சொன்னால் பாதித் தவறு. எங்கள் கோலார் தங்கவயலில், அதிலும் கோரமண்டல் மாதிரி ஒரு பகுதியில் வந்து சொன்னால் முழுத் தவறு. ஏனென்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். வரிசை என்பது ஏதோ எண் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு, அந்த எண்ணுக்காக எவ்வளவு பணம் கை மாறியது என்பது மறந்துபோயிருக்கிறது.

செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்பு, கேபிள் கம்பி நேராக டிவிக்குள் போன காலம். அன்றைய பழைய டிவிகள் பலவற்றில் பன்னிரண்டு சேனலுக்கு மேல் பிடிக்காது. கேபிள்காரர் அறுபது சேனல் அனுப்பினாலும் முன்வரிசை அலைவரிசையில் இருப்பவைதான் எல்லா வீட்டிலும் தெளிவாகத் தெரியும். மற்றவை புள்ளி புள்ளியாக வரும், அல்லது வராது. அந்த முன்வரிசைக்குப் பிரைம் பேண்ட் என்று பெயர். அதில் இடம்பிடிக்கச் சேனல்காரர்கள் கேபிள் நிறுவனங்களுக்குக் காசு கொடுத்தார்கள். பார்ப்பவனிடம் சந்தா வாங்கி, காட்டப்படுபவனிடம் இடத்துக்குக் காசு வாங்கிய வியாபாரம் அது. அரசாங்கத்துக்கும் இது தெரியும். 1995-ஆம் வருடத்துக் கேபிள் டிவி சட்டத்தின் எட்டாம் பிரிவு, தூர்தர்ஷன் சேனல்கள் இரண்டையும் மாநில மொழிச் சேனல் ஒன்றையும் பிரைம் பேண்டிலேயே காட்டியாக வேண்டும் என்று கேபிள்காரரைக் கட்டிப்போட்டது. வரிசை அற்ப விஷயமாக இருந்தால் பாராளுமன்றம் அதற்கு ஒரு பிரிவு எழுதியிருக்குமா?

அந்த எட்டாம் பிரிவிலேயே எங்கள் ஊர்க் கதை தொடங்குகிறது. மாநில மொழிச் சேனல் என்றால் கர்நாடகத்தில் அது தூர்தர்ஷனின் கன்னடச் சேனலான சந்தனா. சட்டப்படி சரி. தமிழ் பேசுவோர் அதிகமாக இருக்கும் ஒரு சுரங்க ஊர் கர்நாடக எல்லைக்குள் இருக்கிறது என்பது அந்த வாக்கியத்தை எழுதியவர் மேசையில் இருந்திருக்காது. எங்கள் ஊரில் தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகை எந்த எண்ணில் வரும் என்பது கேபிள்காரரின் மனசைப் பொறுத்ததாக இருந்தது. காவிரித் தகராறு கொதித்த நாட்களில் கர்நாடகத்துக் கேபிளில் தமிழ்ச் சேனல்கள் நிறுத்தப்பட்டதும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு நாளில் தமிழ்ச் சேனல் இருந்த எண்ணை அழுத்தி வெறும் திரையைப் பார்த்தவருக்கு, வரிசை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றியிருக்காது.

பிறகு டிஜிட்டல் வந்தது. பெருநகரங்களில் 2012-இல் தொடங்கி, எங்களைப் போன்ற நகராட்சி ஊர்களுக்கு 2015 டிசம்பர் 31 கெடு. பிடிக்காத சேனல் என்பதே இல்லாமல் போயிற்று. எண் ஒன்றோ எண்ணூறோ, படம் ஒரே தெளிவு. இனி வரிசைக்கு விலையில்லை என்று அன்றும் சிலர் சொன்னார்கள். நடந்ததோ வேறு. பெட்டியைப் போட்டதும் தானாக வந்து நிற்கும் முதல் சேனலுக்கு ஒரு புதிய சந்தை உருவானது. லேண்டிங் பேஜ் என்று அதற்குப் பெயர். யாரும் தேர்ந்தெடுக்காமலே எல்லா வீட்டிலும் ஓடும் அந்த இடத்துக்குச் செய்திச் சேனல்கள் அடித்துக்கொண்டன, பார்வையாளர் கணக்கே அதனால் வீங்குகிறது என்று புகார் எழுந்தது. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதைக் கட்டுப்படுத்தப் பார்த்தது, வழக்கு தீர்ப்பாயம் வரை போனது.

டிராய் செய்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2017-இல் கொண்டுவந்த விதிகளில், ஒரு சேனலுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் குறைந்தது ஒரு வருடம் அதை மாற்றக்கூடாது என்று இருக்கிறது. ஒரே வகைச் சேனல்கள் பட்டியலில் அடுத்தடுத்து வர வேண்டும் என்றும் இருக்கிறது. 2020 ஜனவரித் திருத்தத்தில், வகைக்குள் ஒரே மொழிச் சேனல்கள் சேர்ந்து நிற்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எண் நிலையாக இருப்பது பார்ப்பவனின் உரிமை என்று இந்திய அரசின் ஓர் அமைப்பு ஒப்புக்கொண்டது இதில்தான். வகை, அதற்குள் மொழி என்ற இந்த அடுக்கைத்தான் இன்று ஆப்களும் வசதியான இடங்களில் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அந்த அடுக்கு ஒரு மொழி பேசும் வீட்டுக்குப் பொருந்தும். தங்கவயலில் அப்படி ஒரு வீட்டைக் காட்டுங்கள்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊர் பல மொழி ஊர். வட ஆர்க்காட்டிலிருந்து தமிழர் வந்தார்கள். ஆந்திர எல்லை கைக்கெட்டும் தூரம் என்பதால் தெலுங்கு வந்தது. உருது உண்டு. ஆங்கிலோ இந்தியர் இருந்தார்கள். ஆள்வது கன்னடம். பேச்சு, சீரியல், சினிமா எல்லாம் தமிழாக இருக்கும் ஒரு லைன் வீட்டில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிள்ளைகளின் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் எப்போது, நகராட்சித் தண்ணீர் என்ன ஆயிற்று, பெங்களூரில் நாளைக்கு பந்த்தா இல்லையா என்பதெல்லாம் கன்னடச் செய்தியில்தான் வரும். சென்னையின் அரசியலும் விட்டுப்போகாது, அ.தி.மு.க. வேட்பாளரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது, அதுவும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு. சனி ஞாயிறு தெலுங்குப் படம் ஓடும். ஞாயிறு காலையில் பல வீடுகளில் தமிழ்க் கிறிஸ்தவச் சேனல். கிரிக்கெட்டுக்கு மொழி கிடையாது.

இந்த வீட்டை எந்தப் பேக்குக்குள் அடைப்பது? தமிழ்ப் பேக் எடுத்தால் கன்னடச் செய்தி தனிக் காசு. கன்னடப் பேக் எடுத்தால் சீரியல் தனிக் காசு. காசு கொடுத்து இரண்டையும் எடுத்தாலும், பட்டியலில் தமிழ்ச் சீரியலுக்கும் கன்னடச் செய்திக்கும் நடுவே சில நூறு எண்கள். ஏழரைக்கு ஒன்று, எட்டு மணிக்கு மற்றொன்று என்று பார்க்கும் வீட்டுக்கு இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் வரிசையிலும் அவை பக்கத்தில் வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. நிறுவனம் மாநிலத்தைப் பார்த்து அடுக்குகிறது. மனிதர் தங்கள் நாளைப் பார்த்து டிவி போடுகிறார்கள்.

இங்கே ஒரு தரப்பு குறுக்கே வரும்: அதனால்தான் தமிழ்ச் சேனல்களை முதலில் வை, மற்றதெல்லாம் பின்னால் என்று. மொழிப்பற்று நல்லதுதான். ஆனால் அதுவும் வெளியிலிருந்து போடும் வரிசைதான். முத்திரை மட்டும் வேறு. முதல் முப்பது எண்ணையும் தமிழுக்கு ஒதுக்கிவிட்டு, பந்த் அறிவிப்பைப் பார்க்க 214-க்குப் போ என்று கிழவரிடம் சொல்வதால் தமிழுக்கு என்ன லாபம் வந்துவிடப்போகிறது? தங்கவயலின் தமிழ் நூறு வருடமாகக் கன்னடத்தோடும் தெலுங்கோடும் ஒரே தெருவில் குடியிருந்தது. டிவிக்குள் மட்டும் அதற்குத் தனிக் காலனி கட்ட வேண்டியதில்லை.

இனி, தேடினால் கிடைக்குமே என்ற வாதம். இதைச் சொல்பவர் எப்போதும் தேடத் தெரிந்தவராகவே இருப்பார். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து எங்கள் ஊர் வேலைக்குப் போவது ரயிலில். மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலையில் புறப்படும் வண்டியில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இருட்டிய பின் திரும்புகிறார்கள். ஸ்மார்ட் டிவியை வாங்கியது, வைஃபை இணைத்தது, ஆப்பில் கடவுச்சொல் போட்டது எல்லாம் அந்த ரயிலில் போகிறவர்கள். பகல் முழுவதும் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் வேறு ஆள். சுரங்கத்தில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட தாத்தா, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அத்தை, கண் மங்கிய ஆயா. வாதம் செய்பவர்களின் கணக்கில் இவர்கள் வருவதே இல்லை. பகலில் ஓடும் டிவி இவர்களுடையது.

தேடல் இவர்களுக்கு என்ன தருகிறது என்று பார்ப்போம். திரையில் ஓர் எழுத்துப் பலகை வரும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அம்புக்குறியை வலதும் இடதும் நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்க வேண்டும். குரலில் சொல்லலாமே என்பார்கள். சொல்லிப் பாருங்கள். சேனலின் பெயரைச் சொன்னால் அந்தச் சேனல் போட்ட பழைய துண்டு வீடியோக்கள் வரும், அதே பெயரில் படம் இருந்தால் அது வரும், ஆப்பை வாங்கச் சொல்லி விளம்பரம் வரும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நேரலை நாலாவது வரிசையில் ஒளிந்திருக்கும். தேடல் என்பது பெயர் தெரிந்த பொருளைக் கண்டுபிடிக்கும் கருவி. மத்தியானம் மூன்று மணிக்கு டிவி போடுகிறவருக்குப் பெயர் சொல்லிக் கேட்க எதுவும் இல்லை. என்ன ஓடுகிறது என்று நாலு சேனல் தாண்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான். தாண்டிப் போவதற்கு ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசை நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்க வேண்டும். பி.இ.எம்.எல். நகர், கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று கிளைப்பாதை நிலையங்கள் தூக்கத்திலும் எங்களுக்கு வரிசை மாறாமல் வரும். எட்டிப் பார்க்காமலே எழுந்து இறங்குவோம். கை விரலுக்கும் சேனல் அப்படித்தான் பழக்கமாகிறது. கண் மங்கியவருக்கு இந்தப் பழக்கம்தான் பார்வை.

இதைத் தெரிந்துகொண்டே ரிமோட்டிலிருந்து எண் பட்டன்களை எடுத்தார்களா, சிக்கனத்துக்கு எடுத்தார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. டிவியில் செருகும் இணைய ஸ்டிக்கோடு வரும் ரிமோட்டுகள் பலவற்றில் ஒன்று முதல் ஒன்பது வரை இருந்த இடம் காலி. காலி என்றும் சொல்ல முடியாது. அங்கே நிறுவனங்களின் பெயர் பொறித்த பட்டன்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் தன் பெயரில் ஒரு பட்டனை ரிமோட் தயாரிப்பாளர்களோடு பேசி வைக்க ஆரம்பித்தது 2011-இல். இன்று நாலைந்து பேர் வரிசையாக இருக்கிறார்கள். பிரைம் பேண்ட் செத்துவிட்டது என்றார்களே, அது ரிமோட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. முன்பு கேபிள்காரர் விற்ற இடத்தை இப்போது டிவி செய்பவர் விற்கிறார். வித்தியாசம் என்னவென்றால், கேபிள்காரர் தெருமுனையில் இருந்தார், சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

பரிந்துரைக்கும் திரையைப் பற்றியும் இதே கதைதான். முகப்பில் முதல் வரிசை நம் ரசனையைப் படித்து வருவதாக நம்புகிறவர்கள், அதில் விளம்பரம் எது, வாடகைக்கு விடப்பட்ட இடம் எது என்று ஒருநாள் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கட்டும். வெளிநாட்டு அரசாங்கங்கள் பார்த்துவிட்டன. பிரிட்டன் 2024-இல் கொண்டுவந்த மீடியா சட்டத்தில், இணைய டிவிகளின் முகப்பில் பி.பி.சி. போன்ற பொதுச் சேவை ஒளிபரப்பாளர்களின் ஆப்கள் எளிதில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் அதே வருடம் இப்படி ஒரு சட்டம் இயற்றியது. வரிசைக்கு மதிப்பில்லை என்றால் இவ்வளவு பெரிய நாடுகள் ஏன் முகப்புத் திரைக்குச் சட்டம் போடுகின்றன? அந்தச் சட்டங்கள் கூட ஒளிபரப்பாளருக்குத்தான் இடம் கேட்டுத் தருகின்றன. வீட்டுக்காரனுக்கு இடம் கேட்கும் சட்டம் எங்கேயும் என் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. பரிந்துரைத் திரை யாரைப் படிக்கிறது? லைன் வீட்டில் ஒரு டிவி, ஒரே கணக்கு. காலையில் ஆயாவின் ஜெபக்கூட்டம், பத்து மணிக்குக் குழந்தையின் கார்ட்டூன், மத்தியானம் பழைய எம்.ஜி.ஆர். படம், ராத்திரி கொரியன் தொடர். இந்த நால்வரையும் கூட்டி வகுத்து ஒரு மனிதரைத் தயாரித்து அவருக்கு ஏற்றதைக் காட்டுகிறது. அந்த மனிதர் எங்கள் வீட்டில் இல்லை.

சரி, அப்படியானால் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு எதிர்க்கட்சியோடு மட்டுமல்லாமல் என் சொந்தக் கட்சியோடும் சண்டை. கோடி (Kodi) போன்ற இலவச மென்பொருளைப் போட்டு வீட்டில் டிவி அமைப்பவர்களில் ஒரு பெரிய கூட்டம், ஐயாயிரம் சேனல் கொண்ட லிஸ்ட் கிடைத்துவிட்டது என்று ஊதிக்கொள்ளும். அந்த லிஸ்டில் முக்கால்வாசி வேலை செய்யாது. வேலை செய்பவற்றில் கட்டணச் சேனல்கள் இருந்தால் அவை திருட்டு. அதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, நீக்கிவிடுங்கள். மிஞ்சுவதில் அர்ஜென்டினா வானிலையும் ருமேனியப் பாட்டும் கலந்து கிடக்கும். இப்படி அள்ளி வைப்பவர் அடுக்குபவர் ஆகமாட்டார். அவரைப் பார்த்துத்தான் மருமகன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

அடுக்குவது என்றால் முதலில் கழிப்பது. ஒரு வீடு உண்மையில் பார்ப்பது பதினைந்து, இருபது சேனல். அதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். ஒரு வாரம் வீட்டாரோடு உட்கார்ந்து டிவி பார்த்தால் போதும். பிறகு எண்ணை மொழிக்கும் வகைக்கும் கொடுக்காமல் ஆளுக்கும் பொழுதுக்கும் கொடுக்க வேண்டும். காலையில் முதலில் போடுவது ஒன்று. ஆயா பார்ப்பவை அதற்கு அடுத்து, சேர்ந்தாற்போல. தமிழ்ச் செய்தியும் கன்னடச் செய்தியும் பக்கத்துப் பக்கத்தில், ஏனென்றால் தேர்தல் எண்ணிக்கை நாளில் இரண்டுக்கும் நடுவேதான் கட்டைவிரல் ஓடும். குழந்தைச் சேனல்களைக் கடைசியில், சற்று எட்டாத எண்ணில் வைப்பது என் தனிப்பட்ட அரசியல். ஒரே சேனலின் எச்.டி.யும் சாதாரணமும் இரண்டும் இருந்தால் ஒன்றைத் தூக்கிவிட வேண்டும். அகரவரிசை வேண்டவே வேண்டாம். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் ஜீ தமிழ் எப்போதும் கடைசி வரிசையில் கிடக்கும், கலர்ஸ் தமிழ் முன்னால் வந்து நிற்கும். எந்த வீட்டின் விருப்பமும் அது இல்லை.

இதற்கான பட்டறை வேலை பெரியதும் இல்லை. கோடி சேனல் பட்டியலாகப் படிக்கும் எம்3யு என்ற கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரியில் சேனலின் பெயரும் எண்ணும் குழுவும், அடுத்த வரியில் முகவரி. நோட்பேடில் வரிகளை மேலும் கீழும் நகர்த்தினாலே வரிசை மாறும். எங்கள் ஊரில் பலர் தடுக்கி விழும் இடம் வேறு. கோடியின் டிவி அமைப்பில், எண்ணையும் குழுவையும் பின்னாலிருக்கும் மூலத்திலிருந்தே எடுத்துக்கொள் என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், நாம் திரையில் பாடுபட்டு மாற்றியதெல்லாம் அடுத்த புதுப்பிப்பில் பழையபடி ஆகிவிடும். ஒன்று அதை அணைக்க வேண்டும், அல்லது கோப்பிலேயே எண்ணை எழுதிவிட வேண்டும். இரண்டாவதுதான் நல்லது, பெட்டி கெட்டுப்போய் புதிது வாங்கினாலும் கோப்பு பென் டிரைவில் இருக்கும், ஜெல்லிஃபின் போன்ற வேறு மென்பொருளுக்குப் போனாலும் எண்கள் கூடவே வரும். நிகழ்ச்சி அட்டவணை ஐந்தரை மணி நேரம் தள்ளி வருகிறதென்றால், அது கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது என்று பொருள். இரவு எட்டு மணித் தொடரை மத்தியானம் இரண்டரைக்குக் காட்டும். அமைப்பில் நேரத்தை நகர்த்தினால் சரியாகும். சேனலின் பெயர் மாறினால் அட்டவணையோடு உள்ள இணைப்பு அறுந்துபோகலாம். 2024 ஜனவரியில் டி.டி. பொதிகை டி.டி. தமிழ் ஆனது போன்ற சமயங்களில் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் யூடியூபில் நாள் முழுதும் நேரலை தருகின்றன. அங்கே வீடியோவின் முகவரியைப் பிடித்து வைத்தால் நேரலை அறுந்து மறுபடி தொடங்கும்போது செத்துவிடும். சேனலின் நேரலைப் பக்கத்தைப் பிடித்து வைத்தால் நிற்கும்.

எண் பட்டன் உள்ள சாதாரண ரிமோட்டைப் பெட்டியோடு பழக்கிவிடலாம், விலை அதிகமில்லை. கடைசியாக ஓர் அட்டை. எண்ணும் பெயரும், பெரிய எழுத்தில், தமிழில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில். இவ்வளவுதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இந்தத் தட்டிச் சரிசெய்வதைத்தான் பெரிய குற்றமாகச் சொல்வார்கள்: கம்பெனி வரிசை என்றால் பராமரிப்புத் தொல்லை இல்லையே என்று. தொல்லை இல்லையா? 2025 பிப்ரவரியில் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது, பழைய படத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் திரையில் அதைத் தேடின. விஜய் டிவியை அந்த ஆப்பின் நீலப் படத்தைக் கொண்டு அடையாளம் வைத்திருந்தவர்களுக்கு யார் வந்து சொல்லிக்கொடுத்தது? நாம் தட்டிச் சரிசெய்தால் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது, எட்டில் வந்தது எட்டிலேயே வரும். கம்பெனி சரிசெய்தால் வீடு முழுக்க மறுபடி பாடம் படிக்க வேண்டும். பராமரிப்பு இரண்டிலும் உண்டு; சுமை யார் தலையில் என்பதுதான் பேச்சு.

எதிர்த்தரப்புக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. ரயிலில் போகும் தலைமுறைக்குச் சேனலே வேண்டாம் என்பது உண்மை. அவர்கள் பங்காருப்பேட்டை தாண்டும்போது போனில் தொடரைப் பாதியில் விட்டு, ஒயிட்ஃபீல்டில் மறுபடி எடுப்பார்கள். அவர்களுக்கு எண் எதற்கு? வேண்டாம்தான். ஆனால் தனக்கு வேண்டாதது யாருக்கும் வேண்டாம் என்று தீர்ப்பெழுதும்போது, அவர்கள் வாங்கிக்கொடுத்த டிவியின் முன் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரை வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் எங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது, பெங்களூர் தெருவிளக்குக்கு மூன்று வருடம் முன்பு. அந்த மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது, ஊருக்கு வந்தது அப்புறம். முன்னேற்றம் முதலில் யாருக்கு வருகிறது என்பதை இந்த ஊர் நூறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதால், எல்லோருக்கும் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நாங்கள் கொஞ்சம் நிதானிப்போம்.

என் வழியின் ஓட்டையையும் மறைக்க வேண்டியதில்லை. கோப்பில் எழுதி அடுக்கக்கூடியவை இலவசமாகவும் முறையாகவும் வெளியிடப்படும் சேனல்கள் மட்டுமே. சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று ஆளுக்கொரு மதில். பணம் கட்டி மூன்றிலும் சந்தா வைத்திருந்தாலும் மூன்றையும் ஒரே வரிசையில் ஐந்து, ஆறு, ஏழு என்று நிறுத்த முடியாது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பில் நேரலைச் சேனல்கள் இருக்கின்றன. பொதுப்பணத்தில் நடக்கும் அதுவும் தனி மதிலாகத்தான் நிற்கிறது. சீரியல் முக்கியமான வீட்டில் ஆகவே இன்றும் கேபிள் பெட்டி ஒன்று, இணையப் பெட்டி ஒன்று, இரண்டு ரிமோட். இதை என் தோல்வி என்று காட்டுபவர்களுக்கு ஒரு பதில் உண்டு: சேனல்கள் ஒரே வரிசையில் நிற்பதற்குத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் கிடையாது. கேபிளில் போட்டி நிறுவனங்கள் எல்லாம் பல வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன.

ஒரு வருடத்துக்கு எண்ணை மாற்றாதே என்ற டிராய் விதி கேபிளுக்கும் டி.டி.எச்.சுக்கும் எழுதப்பட்டது. அதே சேனல் அதே நேரத்தில் ஆப் வழியாக அதே டிவிக்குள் வந்தால் அந்த விதி பொருந்துவதில்லை. அதை ஆப்பில் ஓடும் நேரலைச் சேனலுக்கும் நீட்டட்டும். கூடவே இன்னொரு வரி: சந்தா கட்டியவர் தன் வரிசையைத் தானே எழுதிக்கொள்ளவும், பெட்டியை மாற்றினால் அதைக் கையோடு கொண்டுபோகவும் ஒவ்வோர் ஆப்பும் வழி வைக்க வேண்டும். செல்போன் நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று 2011-இல் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். முடியாது, செலவாகும், யாருக்கு வேண்டும் என்று அதற்கும் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு.